மூன்று பகடையிலிருந்து இருபத்தேழு புள்ளிவரை

மேசைக் கதையாட்டங்களின் வரலாறு: பகுதி 9

மேசைக் கதையாட்டத்தில் ஒரு பாத்திரம் உருவாகும்போதே அதன் தாளில் சில எண்கள் ஏறிவிடுகின்றன. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் இவை ஆறு: வலிமை, லாவகம், உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம். ஒவ்வொன்றுக்கும் 3 முதல் 18 வரை ஒரு மதிப்பெண். வீசிய வாள் எதிரியின் மேல் படுமா, பூட்டு திறக்குமா, காவலன் பேச்சில் மயங்குவானா என்பதையெல்லாம் தீர்மானிப்பதில் இந்த எண்களுக்குப் பங்கு உண்டு. ஒரே மேசையில் அமர்ந்த ஐந்து பேரில் ஒருவருக்கு 18 வாய்த்து, அடுத்தவருக்கு 7 வந்தால் அது நியாயமா? 1974 முதல் வெளிவந்த விதிநூல்கள் இந்தக் கேள்விக்கு வெவ்வேறு விடைகளைத் தந்திருக்கின்றன. மதிப்பெண்ணுக்கு ஆட்டத்தில் இருந்த எடை கூடக் கூட விடையும் மாறியது.

1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து டிஎஸ்ஆர் நிறுவனம் இந்த ஆட்டத்தை வெளியிட்டது. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும். ஒரு பெட்டி, அதில் மூன்று சிறு புத்தகங்கள். முதல் அச்சு 1000 பிரதிகள். மதிப்பெண் பற்றிய விதி அதில் மிகச் சுருக்கமானது. மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்ட வேண்டும். வந்த எண்ணை வலிமையில் தொடங்கி வரிசை மாறாமல் எழுத வேண்டும். ஆறு முறை உருட்டினால் வேலை முடிந்தது. உருட்டும் பொறுப்பு நடுவருக்கே தரப்பட்டிருந்தது. போர்வீரனா, மந்திரவாதியா, சமயப் போராளியா என்பதை எண்களைப் பார்த்த பிறகு ஆட்டக்காரர் முடிவு செய்வார். மந்திரவாதியாக வேண்டும் என்று ஆசைப்பட்டவருக்கு அறிவில் 6 விழுந்தால் ஆசையை மாற்றிக்கொள்வதே வழக்கம்.

மூன்று பகடைகள் 216 விதமாக விழலாம். அவற்றில் 10 வருவதற்கு 27 வழிகள், 11 வருவதற்கும் 27 வழிகள். 18 வருவதற்கு ஒரே ஒரு வழி. 3 வருவதற்கும் அப்படியே. சராசரி 10.5. ஆகவே பெரும்பாலான பாத்திரங்கள் நடுத்தரமாகவே அமையும். அபூர்வமாக ஒருவர் மேதையாகவோ மடையராகவோ பிறப்பார். உலகத்து மனிதர்களின் பரவலும் ஏறத்தாழ இப்படித்தான் என்பது அந்தக் கால ஆட்டக்காரர்களுக்குப் பிடித்திருந்தது.

சமன் செய்யும் வேறு வழி கைகாக்ஸுக்குத் தெரியாமல் இல்லை. அவரும் ஜெஃப் பெரெனும் 1971இல் வெளியிட்ட செயின்மெயில் என்ற சிற்றுருவப் போர் ஆட்ட விதிகளில் ஒவ்வொரு வகைப் படைவீரனுக்கும் ஒரு புள்ளிவிலை உண்டு. இரு தரப்பும் ஒரே மொத்தப் புள்ளிக்குப் படை திரட்டிக்கொண்டு மோதும். எதிரெதிரே நின்று மோதுகிற ஆட்டத்துக்கு அந்தச் சமன் கட்டாயம் வேண்டும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் எதிரிகள் அல்லர். எல்லாரும் ஒரே வடம் பிடித்துத் தேர் இழுக்கிறவர்கள். ஒருவரின் கை பலமானது என்றால் மற்றவர்களுக்கும் அது ஆதாயமே. அதனால் புள்ளிவிலை விட்டுப்போயிற்று, பகடை உள்ளே வந்தது. எல்லாருக்கும் ஒரே உருட்டல், எல்லார் கண்முன்னும் உருட்டல் என்பதே அன்றைய நியாயம்.

அந்த நியாயம் செல்லுபடியானதற்கு இன்னொரு காரணமும் உண்டு: எண்கள் பெரிதாக எதையும் செய்யவில்லை. 1974 விதிகளின்படி வலிமை 18 உள்ள போர்வீரனும் வலிமை 9 உள்ள போர்வீரனும் ஒரே அளவு திறமையோடுதான் வாள் வீசுவார்கள். தொழிலுக்கு உரிய முதன்மைத் திறன் 15 அல்லது அதற்கு மேல் இருந்தால் அனுபவப் புள்ளி 10 விழுக்காடு கூடும். 6 அல்லது அதற்குக் கீழ் என்றால் 20 விழுக்காடு குறையும். உடலுறுதி உயர்ந்தால் உயிர்ப்புள்ளி சற்று ஏறும். லாவகம் உயர்ந்தால் அம்பெய்வதில் ஒரு புள்ளி. மற்றபடி சாவு எல்லாருக்கும் பக்கத்திலேயே இருந்தது. புதிய மந்திரவாதியின் உயிர்ப்புள்ளி ஒரே ஒரு பகடை. எதிரியின் அடியும் ஒரு பகடை. முதல் அடியிலேயே ஆள் போய்விடலாம். போனவருக்குப் பதில் புதியவரை உருவாக்க ஐந்து நிமிடம் போதும். மட்டமான எண்கள் ஒரு மாலைப்பொழுதின் துரதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டே இந்த நிலை மாறத் தொடங்கியது. 1975இல் வந்த கிரேஹாக் என்ற துணைநூல், வலிமைக்கு நேரடிப் பலன் கொடுத்தது: உயர்ந்த எண் இருந்தால் அடி படும் வாய்ப்பும் அடியின் வேகமும் கூடும். போர்வீரனுக்கு 18 விழுந்தால் மேலும் நூறுக்குள் ஓர் எண் உருட்டி, அந்த 18ஐயே பல படிகளாகப் பிரித்தது. பாலடின் என்னும் புனித வீரன் அறிமுகமானதும் இந்த நூலில்தான். அவனாக வேண்டுமானால் வசீகரம் 17 வேண்டும். மூன்று பகடையில் 17 அல்லது 18 விழும் வாய்ப்பு 216இல் 4, அதாவது நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. அதிர்ஷ்டத்துக்கு இப்போது நிலையான கூலி கிடைத்தது. அந்தக் கூலி பாத்திரம் சாகும்வரை தொடரும். ஆட்டக்காரர்களும் தங்கள் பாத்திரங்களை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வைத்து ஆடப் பழகியிருந்தார்கள்.

1978இல் அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஆட்டக்காரர் கையேடு வந்தபோது அட்டவணைகள் முழு வளர்ச்சி பெற்றிருந்தன. அவற்றின் அமைப்பில் ஒரு விசித்திரம் உண்டு. வலிமையில் 8 முதல் 15 வரை சண்டைக்கு ஒரு வேறுபாடும் இல்லை; 16இல்தான் அடியின் வேகம் ஒரு புள்ளி கூடும். உடலுறுதியில் 14 வரை உயிர்ப்புள்ளிக்கு ஒன்றும் கிடையாது, 15இல் தொடங்கும். லாவகம் தரும் தற்காப்பும் 15இல்தான் தொடக்கம். நடுத்தர எண்கள் எல்லாம் ஒரே சமவெளி, 15க்கு மேல் திடீரென்று ஒரு மேடு. பாத்திரம் பிழைக்க வேண்டுமானால் குறைந்தது இரண்டு திறன்களில் 15 தேவை என்ற கருத்தைக் கையேடே முன்வைத்தது. மூன்று பகடையை ஆறு முறை உருட்டி இரண்டு 15 பெறும் வாய்ப்போ பத்தில் ஒன்றுதான். ஒரு நூல் கட்டாயம் என்று சொல்வதைப் பழைய உருட்டல் பத்தில் ஒன்பது பேருக்கு மறுக்கிறது என்றால் உருட்டலைத்தான் மாற்றியாக வேண்டும்.

1979இன் டன்ஜன் மாஸ்டர் கையேடு அதைச் செய்தது. கைகாக்ஸ் அதில் நான்கு வழிகளை வைத்தார். நான்கு பகடை உருட்டிச் சிறியதைத் தள்ளிவிட்டு மீதி மூன்றைக் கூட்டி, கிடைத்த ஆறு எண்களை விருப்பப்படி அடுக்குவது முதல் வழி. மூன்று பகடையைப் பன்னிரண்டு முறை உருட்டி, உயர்ந்த ஆறை எடுத்துக்கொள்வது இரண்டாவது. ஒவ்வொரு திறனுக்கும் ஆறு முறை உருட்டிப் பெரியதை மட்டும் எழுதுவது மூன்றாவது. பன்னிரண்டு பாத்திரங்களை முழுமையாக உருட்டிவிட்டு ஒருவரைத் தேர்ந்தெடுப்பது நான்காவது. நிலைத்தது முதல் வழிதான். அதில் ஓர் எண்ணின் சராசரி 12.24க்கு ஏறுகிறது, இரண்டு 15 கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்திலிருந்து 42 ஆகிறது. சராசரி உயர்ந்ததைவிடப் பெரிய மாற்றம் அடுக்கும் உரிமை. எண்ணைப் பார்த்து வேடம் தேர்ந்த காலம் போய், வேடத்தை நினைத்துக்கொண்டு எண்ணை அடுக்கும் காலம் வந்தது.

ஆனாலும் இந்த வழிகள் எல்லாம் அதிர்ஷ்டத்தின் அளவை உயர்த்தினவே தவிர, ஆளுக்கு ஆள் உள்ள இடைவெளியை அடைக்கவில்லை. 1978 விதிப்படி பாலடினுக்கு வலிமை 12, அறிவு 9, விவேகம் 13, உடலுறுதி 9, வசீகரம் 17 ஆகியவை குறைந்தபட்சத் தேவை. மூன்று பகடையை வரிசையாக உருட்டினால் இவை ஐந்தும் சேர்ந்து அமைவது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு முறை. அபூர்வமானவன் அபூர்வமாக வரட்டும் என்பது அதன் நோக்கம். ஆனால் அந்த ஆயிரத்தில் ஒருவனுக்குக் கூடுதல் ஆற்றல்களும் பரிசாகத் தரப்பட்டன. எண்ணில் அதிர்ஷ்டம் அடித்தவருக்கே தொழிலிலும் அதிர்ஷ்டம். இது பகடையின் குற்றமல்ல, விதி எழுதியவரின் குற்றம். அதே நூலில் பெண் பாத்திரங்களின் வலிமைக்குத் தனி உச்சவரம்பு வேறு: மனிதப் பெண் 18இன் 50ஆம் படியைத் தாண்ட முடியாது, ஆணுக்கு நூறு படிகளும் திறந்திருந்தன. உருட்டல் எல்லாருக்கும் ஒன்றே என்ற பழைய நியாயம்கூட இங்கே காப்பாற்றப்படவில்லை. இந்த வரம்பு 1989இன் இரண்டாம் பதிப்பில் நீங்கியது.

1985இல் வந்த அனெர்த்டு ஆர்கானா நூல் இந்தப் போக்கை அதன் எல்லைவரை இழுத்துச் சென்றது. மனிதப் பாத்திரமானால் முதலில் தொழிலைத் தேர்ந்துகொள்ளலாம்; அதன் முக்கியத் திறனுக்கு ஒன்பது பகடை உருட்டிச் சிறந்த மூன்றை வைத்துக்கொள்ளலாம்; அடுத்ததற்கு எட்டு, பிறகு ஏழு என்று இறங்கி, கடைசித் திறனுக்கு வெறும் மூன்று பகடை. ஒன்பது பகடையில் மூன்றைத் தேர்ந்தெடுத்தபின் அதைச் சூதாட்டம் என்று அழைப்பது கடினம். இதற்கிடையில் டாம் மோல்ட்வே 1981இல் தொகுத்த எளிய பதிப்பு மூன்று பகடை வரிசை முறையைக் கைவிடாமல் வைத்திருந்தது. வேண்டாத திறனில் இரண்டு புள்ளி குறைத்து முதன்மைத் திறனில் ஒன்று ஏற்றிக்கொள்ளவும், எல்லா எண்ணும் சராசரிக்குக் கீழே விழுந்தால் தாளைக் கிழித்துப் போடவும் அது இடம் தந்தது. 3 என்றால் மைனஸ் 3, 18 என்றால் பிளஸ் 3 என்ற அதன் சீரான அட்டவணை, அட்வான்ஸ்டு பதிப்பின் மேடு பள்ளத்தைவிட எவ்வளவோ மேல்.

பகடையையே விலக்கும் வழி வேறு வாசல் வழியாக வந்தது. 1977இல் ஸ்டீவ் ஜாக்சன் வடிவமைத்து மெட்டாகேமிங் நிறுவனம் வெளியிட்ட மீலீ என்ற சிற்றாட்டம் அரங்கில் நடக்கும் நேருக்கு நேர் சண்டை. வலிமை, லாவகம் இரண்டும் 8இல் தொடங்கும். மேலும் எட்டுப் புள்ளிகளை ஆட்டக்காரர் தன் விருப்பப்படி பிரித்துப் போடலாம். மோதுகிறவர்கள் எதிரிகள் என்பதால் சமன் இங்கே இயல்பாகத் திரும்பி வந்தது. செயின்மெயிலின் புள்ளிவிலைக்கு இது நெருங்கிய உறவு. மறு ஆண்டு வந்த விசார்டு அறிவையும் சேர்த்துக்கொண்டது. 1981இல் ஜார்ஜ் மக்டொனால்டும் ஸ்டீவ் பீட்டர்சனும் உருவாக்கிய சாம்பியன்ஸ், இந்த முறையை முழுநீளக் கதையாட்டத்துக்கே அடித்தளமாக்கியது: கையில் 100 புள்ளி, தேவையானால் பலவீனங்களை ஏற்று மேலும் புள்ளி சம்பாதிக்கலாம். மாயசக்தி நாயகர்களின் ஆட்டத்துக்கு இது பொருந்தியதில் வியப்பில்லை. பறப்பவன் ஒருவன், நெருப்பு உமிழ்பவள் ஒருத்தி என்று ஒப்பிடவே முடியாதவர்களை ஒரே மேசையில் உட்காரவைக்க விலை போட்டே ஆகவேண்டும்.

1986இல் ஜாக்சனின் கர்ப்ஸ் ஆட்டம் விலைப்பட்டியலை மேலும் செம்மையாக்கியது. நான்கு திறன்களும் 10இல் இலவசமாகத் தொடங்கும். 11க்கு 10 புள்ளி, 12க்கு 20, 13க்கு 30. அதற்குமேல் ஏற்றம் செங்குத்து: 14க்கு 45, 15க்கு 60, 16க்கு 80. உயரம் கூடக் கூட அடுத்த படியின் விலையும் கூடுவது முக்கியமான கண்டுபிடிப்பு. பகடையில் 18 அரிதாக விழுவது தானாகவே ஒரு விலை. புள்ளிமுறையில் அந்த அருமையை விலையேற்றத்தின் மூலம்தான் கொண்டுவர முடியும். இல்லாவிட்டால் எல்லாரும் ஒரே திறனை உச்சிக்கு ஏற்றிவிட்டு மற்றவற்றைப் பட்டினி போடுவார்கள்.

1989இன் இரண்டாம் பதிப்பு ஆறு வழிகளை வரிசைப்படுத்தியது. மூன்று பகடை வரிசை முறையை மீண்டும் முதலிடத்தில் வைத்தது. நான்கு பகடை முறை ஐந்தாம் இடத்துக்குப் போயிற்று. ஆறாவது வழி ஒரு கலப்பு: எல்லாத் திறனும் 8இல் தொடங்க, ஏழு பகடைகளை உருட்டி ஒவ்வொன்றின் எண்ணையும் பிரிக்காமல் ஏதேனும் ஒரு திறனில் சேர்க்க வேண்டும். பழைய முறைக்குத் திரும்பச் சொன்ன இந்த நூலின் அறிவுரையை மேசைகள் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. கணினித் திரையில் நிலைமை இன்னும் அப்பட்டம். 1988இல் வந்த பூல் ஆஃப் ரேடியன்ஸில் உருட்டிய எண்களைத் திருத்தவே ஒரு வசதி இருந்தது. 1998இன் பால்டர்ஸ் கேட்டில் மறுபடி உருட்டும் பொத்தானுக்குத் தடையே கிடையாது. நல்ல எண் வரும்வரை அழுத்தலாம். தடையில்லாத மறு உருட்டல், பொறுமை உள்ளவருக்கு எண்ணை விற்கும் முறையே.

சமனைக் கட்டாயமாக்கியது போட்டி மேடை. 1975இல் பால்டிமோரில் நடந்த முதல் ஒரிஜின்ஸ் மாநாட்டில் டூம் ஆஃப் ஹாரர்ஸ் சாகசம் போட்டியாக ஆடப்பட்டது. அது 1978இல் அச்சானபோது தயார் பாத்திரங்களின் பட்டியலும் உடன் வந்தது. அணிகளுக்கு மதிப்பெண் போட்டு வெற்றி அறிவிக்க வேண்டிய இடத்தில் ஒருவரின் பகடை அதிர்ஷ்டத்தை அனுமதிக்க முடியாது. இதைவிடச் சிக்கலானவை, ஆட்டக்காரர் தன் பாத்திரத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய் அறிமுகமில்லாதவர்களோடு ஆடும் தொடர் சாகசங்கள். வீட்டில் உருட்டிய 18க்கு அடுத்த ஊரில் சாட்சி யார்? 1980இல் தொடங்கிய ஆர்பிஜிஏ அமைப்பு 2000 முதல் நடத்திய லிவிங் கிரேஹாக், எல்லாருக்கும் 28 புள்ளி என்று முடிவு செய்தது. பகடையின் நியாயம், பார்த்திருப்பவர் கண்ணில் இருந்தது. பார்ப்பவர் இல்லாத இடத்தில் கணக்குத்தான் நம்பத் தகுந்தது.

அதே 2000இல் மூன்றாம் பதிப்பு வெளியானது. டிஎஸ்ஆரை 1997இல் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வாங்கியிருந்தது. ஜோனதன் ட்வீட், மான்டி குக், ஸ்கிப் வில்லியம்ஸ் மூவரும் விதிகளைத் திருப்பி எழுதினார்கள். சமவெளியும் மேடும் ஒழிந்தன. 10, 11க்கு மேல் ஒவ்வோர் இரண்டு புள்ளிக்கும் ஒரு பிளஸ், கீழே போனால் ஒரு மைனஸ். எல்லாத் திறனுக்கும் ஒரே அளவுகோல். நான்கு பகடை முறையே முதன்மை வழி. ஆறு எண்களில் பெரியது 13ஐத் தாண்டாவிட்டாலோ, பிளஸ் மைனஸ் கூட்டினால் சுழியம் அல்லது அதற்கும் கீழ் என்றாலோ முழுவதையும் மறுபடி உருட்டலாம். மாற்று வழியாக 25 புள்ளிப் பட்டியலும், உருட்டவோ கணக்குப் போடவோ விரும்பாதவர்களுக்கு 15, 14, 13, 12, 10, 8 என்ற தயார் வரிசையும் தரப்பட்டன.

இந்த ஆறு எண்கள் வெறும் மனம்போன தேர்வு அல்ல. நான்கு பகடை முறையில் ஆறு எண்களை உருட்டிப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால், ஒவ்வோர் இடத்துக்கும் வரும் சராசரி ஏறத்தாழ 15.7, 14.2, 13.0, 11.8, 10.4, 8.5. தயார் வரிசை ஏறத்தாழ இதை முழு எண்ணாக்கிய வடிவம். பகடை நெடுங்காலத்தில் தருவதை ஒரே நாளில் எல்லாருக்கும் தருகிறது. அதன் கூட்டுத்தொகை 72. உருட்டுகிறவரின் சராசரிக் கூட்டுத்தொகை 73.5. ஆனால் உருட்டுகிறவர்களில் மூன்றில் இரண்டு பேர் ஏறத்தாழ 66க்கும் 81க்கும் இடையில் விழுவார்கள். மீதி ஒரு பங்கினர் அதற்கும் வெளியே. 20 முகப் பகடையில் ஒரு பிளஸ் என்பது 5 விழுக்காடு வெற்றி வாய்ப்பு. முக்கியத் திறனில் 18 பெற்றவருக்கும் 14 பெற்றவருக்கும் இடையே ஒவ்வோர் உருட்டலிலும் 10 விழுக்காடு இடைவெளி ஆண்டுக்கணக்கில் தொடரும்.

2008இன் நான்காம் பதிப்பு தயார் வரிசையை முதல் வழியாக உயர்த்தி, உருட்டலைக் கடைசிக்குத் தள்ளியது. 2014இன் ஐந்தாம் பதிப்பு நான்கு பகடையை மீண்டும் முன்னே வைத்து, பழைய 15, 14, 13, 12, 10, 8 வரிசையையும் 27 புள்ளிப் பட்டியலையும் பக்கத்தில் நிறுத்தியது. இந்தப் பட்டியலில் 8 இலவசம்; 13 வரை படிக்கு ஒரு புள்ளி; 14க்கு மொத்தம் 7, 15க்கு 9; அதற்குமேல் வாங்கவே முடியாது. தயார் வரிசையின் விலையைக் கூட்டினால் சரியாக 27.

சமனுக்கும் ஒரு விலை இருக்கிறது. மூன்று 15, மூன்று 8 என்று வாங்கினாலும் 27 புள்ளிதான். அனுபவசாலிகள் இதைச் சீக்கிரம் கண்டுகொள்கிறார்கள். போர்வீரர்கள் எல்லாரும் அறிவில் 8, மந்திரவாதிகள் எல்லாரும் வலிமையில் 8. எங்கோ ஒரு மேசையில் விவேகம் 16 உள்ள முரட்டுத் திருடன் தற்செயலாகப் பிறந்த காலம் போய்விட்டது என்ற குறை புள்ளிமுறையின் ஆதரவாளர்களிடமே கேட்கிறது. 2006 முதல் பழைய விதிகளை மீட்டு வெளியிட்ட இயக்கம் மூன்று பகடை வரிசைக்குத் திரும்பியதற்கு இந்தக் குறையே பெரிய காரணம். 2012இன் டன்ஜன் கிராவ்ல் கிளாசிக்ஸ் ஆளுக்குச் சில சாமானியர்களை உருட்டச் சொல்லி, எல்லாரையும் ஆபத்தான குகைக்குள் அனுப்புகிறது. உயிரோடு வெளியே வருகிறவரே நாயகர். எண்ணின் குறையை ஆட்டத்துக்குள்ளேயே ஈடுகட்டும் இந்த வழி, 1974இன் மனநிலைக்கு மிக அருகில் இருக்கிறது.

இரண்டையும் இணைக்க முயன்றவர்களும் உண்டு. 1 முதல் 6 வரை ஒவ்வோர் எண்ணிலும் மூன்று சீட்டு, ஆக 18 சீட்டுகளைக் குலுக்கி, திறனுக்கு மூன்றாகப் பிரித்தால் கூட்டுத்தொகை எப்போதும் 63. சராசரி மூன்று பகடையின் அதே 10.5. எந்தத் திறனில் எவ்வளவு என்பது தற்செயல், மொத்தம் எல்லாருக்கும் ஒன்றே. மேசைக்கு ஒரே ஆறு எண்களை உருட்டி, அதையே அனைவரும் தத்தம் விருப்பப்படி அடுக்குவது அதைவிட எளிது. எரிக் வூஜிக் 1991இல் எழுதிய ஆம்பர் என்ற பகடையில்லா ஆட்டம் நியாயத்தை ஏலத்தில் தேடியது: கையில் 100 புள்ளி, நான்கு திறன்கள், ஒவ்வொன்றிலும் முதலிடம் யாருக்கு என்று ஆட்டக்காரர்களே ஏலம் கேட்பார்கள். தோற்றவர் தனக்கு வாய்க்கவில்லை என்று பகடையைக் குறைசொல்ல முடியாது. வேண்டுமானால் பக்கத்தில் இருப்பவரைச் சொல்லலாம்.

2019இல் வந்த பாத்ஃபைண்டர் என்ற ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு, இனம், பின்னணி, தொழில் ஆகிய ஒவ்வொரு கட்டத்திலும் திறன்களைப் படிப்படியாக ஏற்றும் முறையை முதன்மையாக்கியது. 2023இன் திருத்தப் பதிப்பில் அது 3 முதல் 18 வரையிலான எண்களையே நீக்கிவிட்டு, அவற்றிலிருந்து வந்த பிளஸ், மைனஸை மட்டும் வைத்துக்கொண்டது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அவ்வளவு தூரம் போகவில்லை. 2024இன் ஆட்டக்காரர் கையேட்டில் தயார் வரிசை, நான்கு பகடை, 27 புள்ளி ஆகிய மூன்று வழிகளும் அருகருகே அச்சாகியிருக்கின்றன.